யார் சொன்ன சரி?

இந்த இடம் காலிதானே? கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். அப்பாடா. கழுத்தில் இந்த அட்டையை மாட்டிவிட்டு முக்கால் மணி நேரமாக என்னை நிற்க வைத்திருக்கிறார்கள். 'விருந்தினர்' என்று இதில் எழுதியிருப்பதுதான் வேடிக்கை. விருந்தினருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க இங்கே நாதியில்லை. ஏசி குளிரைத்தான் வாரி வழங்குகிறார்கள்.

நீங்கள் யாரைப் பார்க்க? மகளுக்கு இன்டர்வியூவா? முதல் வேலையா? பலே. தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸிலேயே வந்தீர்களா? அதுதான் கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. உள்ளே போய் எவ்வளவு நேரம் ஆச்சு? அரை மணியா? அப்படியானால் இன்னும் ஒரு மணி நேரம் விடமாட்டார்கள். கேள்வி கேட்பதில் இவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. பதில் சொல்ல வேண்டிய இடத்தில்தான் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

நான் வேலைக்கு வரவில்லை. புகார் கொடுக்க வந்திருக்கிறேன். என் கணவர் இங்கே ஐந்தாவது மாடியில் இருக்கிறார். நான் வந்திருப்பது அவருக்குத் தெரியாது. குரியன் என்று ஒரு பெரிய அதிகாரி. இன்று சாயங்காலத்துக்குள் அவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறார். என் கணவரை வீட்டுக்கு அனுப்புகிற கடிதம். ஐம்பத்தோரு வயதில்! அதுவும் அவர் செய்யாத தப்புக்கு. கையெழுத்துப் போடும் முன்னால் அந்த மனிதரை ஐந்து நிமிஷம் உட்கார வைத்து நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பிறகு அவர் பாடு.

கேளுங்கள், உங்கள் மகளுக்கும் உதவும்.

என் கணவர் பெயர் தட்சிணாமூர்த்தி. இங்கே 'டக்‌ஷ்'. சார் கிடையாது, மோர் கிடையாது. இருபத்து மூன்று வயசுப் பிள்ளைகள் 'ஹாய் டக்‌ஷ்' என்று கூப்பிடுகின்றன. எட்டுப் பேருக்கு இவர் லீடர். லீடர் என்றால் அதிகாரம் பண்ணுகிறவர் இல்லையாம். டீமுக்குச் சேவை செய்கிறவராம். இருபத்தாறு வருஷமாக நான் அந்த வீட்டில் சேவைதான் செய்கிறேன். என்னை யாராவது லீடர் என்று சொன்னார்களா?

வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்துதான் வேலை. காலை ஒன்பதரை மணிக்குப் படுக்கையறையில் மடிக்கணினி முன்னால் எழுந்து நிற்பார். டீம் முழுக்க அவரவர் வீட்டில் நிற்கும். உட்கார்ந்தால் பேச்சு நீண்டுவிடுமாம். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், வழியில் என்ன தடை. மூன்றே கேள்வி, பதினைந்தே நிமிஷம். கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் நான் கேட்பேன். கதவு மெல்லிய கதவு, நான் என்ன செய்ய? ஹரீஷ் என்று ஒரு பையன். பதினோரு நாள், நான் எண்ணினேன், பதினோரு நாள் அதே பாட்டு: "ஆல்மோஸ்ட் முடிஞ்சிருச்சு." இவர் என்ன சொன்னார் தெரியுமா? "சரி ஹரீஷ், நான் என்ன உதவி பண்ணணும்?"

எனக்குக் கையிலிருந்த கீரை நழுவியது. மீட்டிங் முடிந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, அவனை நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டா என்ன?"

"கேக்கலாம் ரேணு. நாளைக்கு முடியாததையும் முடிஞ்சதுன்னு சொல்லுவான்."

"அதுக்காகத் தலையில வெச்சுக் கொஞ்சுவீங்களா?"

"உனக்குப் புரியாது, விடு."

எனக்கா புரியாது? கடலூரில் கான்வென்டில் படித்தவள் நான். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாவது வரை நான்தான் கிளாஸ் லீடர். சிஸ்டர் வெளியே போனால் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுத வேண்டியது என் பொறுப்பு. திரும்பத் திரும்பப் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. என் உயிர்த் தோழி ஜெசிந்தாவின் பெயரைக்கூட எழுதியிருக்கிறேன். அவள் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். ஐந்து வருஷத்தில் என் பெயர் ஒரு நாளாவது போர்டில் வந்ததா? வராது. சாக்பீஸ் என் கையில்தானே இருந்தது.

லீடர் என்றால் அப்படி இருக்க வேண்டும். இங்கே கதையே வேறு. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எல்லோரும் கூடி, எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசுகிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை, யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சொல்லக் கூடாதாம். "நம்ம டெஸ்டிங் கொஞ்சம் குறைஞ்சிருச்சு." "நாம கவனிச்சிருக்கணும்." எல்லாமே நாம்! வீட்டில் இட்லி கல்லாகப் போனால் மட்டும் "நம்ம மாவு புளிக்கலையே" என்று எந்த ஆண்பிள்ளையாவது சொல்லுவானா? அப்போது மட்டும் அது உன் மாவு.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாதம் என் நாத்தனார் வசந்தியின் மகனுக்குக் காதுகுத்து. போளூர் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயிலில். அவளுக்குக் கல்யாணமாகிப் பதிமூன்று வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்த முடியுமா? ஆனால் அன்றைக்குத்தான் இவர்கள் டீம் செய்த புதுச் சமாச்சாரத்தைக் கனடாக்காரர்களுக்கு அனுப்புகிற நாள். அங்கே ஊர் ஊராகப் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிற ஒரு கம்பெனி. யார் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுப்பது இவர்கள் செய்த மென்பொருள். அனுப்பும் முன்னால் கடைசியாக ஒரு தரம் பார்த்து 'சரி' என்று சொல்ல வேண்டியவர் இவர். அவர் சரி சொன்னால்தான் வண்டி கிளம்பும். டீமே உட்கார்ந்து போட்டுக்கொண்ட சட்டம் அது.

காரில் போகும்போதே அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டு வந்தார். நாச்சியார் என்று பெயர், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. சேர்ந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "ரெண்டு மணிக்கு மேல நான் பாக்கறேன்மா. கனடா நேரக் கணக்கு ஒண்ணு சரி பாக்கணும். நான் சொல்ற வரைக்கும் அனுப்பாதீங்க." என் காதால் கேட்டேன். நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அனுப்பாதீங்க என்றுதான் சொன்னார்.

கோயிலில் மாமன் சீர்த்தட்டு வைத்தாகிவிட்டது, ஆசாரி வந்தாகிவிட்டது. இவர் பட்டு வேஷ்டியில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்! வசந்தியின் மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தாளே பார்க்கலாம். "உங்க வீட்டுக்காரருக்கு மருமகன் காதைவிட போன்தான் பெருசு போல." எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. போய் அவர் கையிலிருந்து பிடுங்கி என் ஹேண்ட்பேக்கில் போட்டேன். "ரேணு, அது வேணும்..." என்றார். "மொதல்ல மடியில புள்ளைய வாங்குங்க" என்றேன். அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு கையால் குழந்தை தலையையும் ஒரு கையால் அதன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருக்கிறார். அது ஊரைக் கூட்டுகிறது. இந்தப் பக்கம் என் பைக்குள் போன் வண்டு மாதிரி உறுமிக்கொண்டே இருக்கிறது. ஒரு தரம், இரண்டு தரம், ஐந்து தரம். மறுபடி அந்த மாமியாரின் பார்வை. எடுத்துப் பார்த்தேன். போனைத் திறக்கிற எண் எனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் ஒளிவுமறைவு கிடையாது. அந்த நாச்சியார்தான். எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, அனுப்பலாமா, உங்களுக்காகக் காத்திருக்கிறோம் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாள். ஒரு கமாவைக்கூடச் சரியான இடத்தில் போடவில்லை. பதில் வராமல் இது ஓயாது என்று ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டேன். பார்த்தாச்சு, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்துக்கும் அதே கட்டைவிரல்தான், சர்க்கரை அளவு இறங்கியதற்கும் அதே கட்டைவிரல்தான். பெரம்பூர் சித்தப்பா தவறிப்போன செய்திக்கே மூன்று பேர் போட்டிருந்தார்கள். யாராவது அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டார்களா?

போன் ஓய்ந்தது. காதுகுத்து அமோகமாக நடந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் கேட்டார். "ரேணு, போன் குடேன், ஏதாவது வந்திருக்கும்." "ஒண்ணும் அவசரமில்ல, நான் பாத்துட்டேன். சாப்பிடுங்க" என்றேன். அதற்குப் பிறகு போட்டோ, தாம்பூலம், வசந்தி அழுதது, எல்லாம் முடிய மணி ஐந்து. செய்யாறு தாண்டி வரும்போதுதான் போனைக் கேட்டு வாங்கினார். திறந்து பார்த்தவர் டிரைவரிடம், "கொஞ்சம் ஓரமா நிறுத்துப்பா" என்றார்.

என்ன ஆகியிருந்தது தெரியுமா? கனடாவில் அந்தக் கம்பெனியின் இருநூறு பல் ஆஸ்பத்திரியிலும், அன்றைக்கு வர வேண்டிய அத்தனை பேருக்கும் காலை ஒன்பது மணி என்று நேரம் போயிருக்கிறது. அத்தனை பேருக்கும்! அவர் சரி பார்க்க வேண்டும் என்றாரே, அந்த நேரக் கணக்கில்தான் கோளாறு. விடிந்ததும் பனியில் ஒவ்வொரு வாசலிலும் நாற்பது பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறார்கள். நாம் ரேஷன் கடையில் நின்று பழகியவர்கள், அவர்கள் பழகுவார்களா?

ரோட்டோரம் புளியமரத்தடியில் நின்று முக்கால் மணி நேரம் பேசினார். பட்டு வேஷ்டியில் புழுதி. நடுவில் ஒரு தரம் கார் ஜன்னலுக்கு வந்தார்.

"ரேணு, காலைல மெசேஜ் ஏதாவது வந்துச்சா?"

"உங்களுக்கு எப்ப வராம இருந்துச்சு?" என்றேன்.

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு மரத்தடிக்கே போய்விட்டார். அங்கிருந்து அவர் குரல் கேட்டது: "இல்ல குரியன், டீம் மேல தப்பில்ல. நான் சரின்னு சொல்லிட்டேன். என் பொறுப்பு."

எனக்கு ரத்தம் கொதித்தது. அனுப்பாதே என்று சொன்ன மனுஷன்! என் காதால் கேட்டேனே!

அப்புறம் பாருங்கள் கூத்தை. பெயர் சொல்லக் கூடாது என்ற அதே ஆபீசில், கனடாக்காரன் கத்தியதும் ஒரு பெயர் வேண்டியிருந்தது. மேலே இருப்பவர்கள் கேட்டால் 'நாம்' என்று எழுதிக் கொடுக்க முடியுமா? விசாரணை வைத்தார்கள். மூன்று வாரம். அந்த எட்டுப் பேரில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஹரீஷ் அன்றைக்குக்கூட ஏதோ ஆல்மோஸ்ட் முடிந்துவிட்டது என்றான். இவர் மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். என் ஒப்புதலின் பேரில்தான் அனுப்பினார்கள் என்று, தேதி போட்டு.

"எதுக்குங்க எழுதிக் குடுத்தீங்க? அனுப்பினது அந்தப் பொண்ணுதானே?"

"என் போன்லேருந்து சரின்னு போயிருக்கு ரேணு."

"போனா? அவ ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேக்க வேண்டாமா?"

"நாலு மாசத்துல நீக்கிட்டாங்கன்னா அந்தப் பொண்ண அடுத்தவன் எடுப்பானா?"

"உங்கள எடுப்பானா?"

சாதத்தில் மோரை ஊற்றிக்கொண்டார். இந்த மனிதர் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தாலாவது எனக்கு ஆறும். "ஏன்டி இப்படிப் பண்ணின" என்று ஒரு வார்த்தை... இல்லை, இல்லை, நான் என்ன பண்ணினேன்? பொதுவாகச் சொல்கிறேன். பேசவே மாட்டார் என்றால் எப்படி? மூன்று வாரமாக என் சமையலைப் புகழ்ந்துகொண்டே இருக்கிறார். கத்தரிக்காய்க் கூட்டுக்கு அப்படி ஒரு பாராட்டு.

நேற்று சாயங்காலம் அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். இவர் இல்லாத நேரம். கையில் ஒரு டப்பா பால்கோவா, முகமெல்லாம் அழுத வீக்கம். உட்கார் என்றேன், உட்காரவில்லை. ஆபீசில் 'டக்‌ஷ்', என் முன்னால் மட்டும் 'சார்'.

"ஆன்ட்டி, சார் எனக்காகத்தான் எழுதிக் குடுத்திருக்காங்க. யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னுட்டாங்க. எனக்குத் தூக்கமே வரல ஆன்ட்டி."

"வராதுதான். செஞ்சது அப்படி. அவர் அனுப்பாதேன்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னாங்க ஆன்ட்டி. அப்பறம் தம்ஸ்-அப் வந்துச்சு."

"வந்தா?"

"சார் எப்பவுமே தம்ஸ்-அப் போட மாட்டாங்க. 'பார்த்தேன், இந்த மூணு விஷயம் சரியா இருக்கு, அனுப்பலாம்'னு முழுசா எழுதுவாங்க. கடைசியில புள்ளி வெச்சுத்தான் முடிப்பாங்க. அதப் பாத்ததுமே இது சார் இல்லன்னு மனசுல பட்டுச்சு. ஆனா எல்லாரும் அனுப்பு அனுப்புன்னாங்க. நானும் சரி வந்திருச்சேன்னு அனுப்பிட்டேன். கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். என் தப்புதான்."

பார்த்தீர்களா? அவள் வாயாலேயே! இது சார் இல்லை என்று தெரிந்தும் அனுப்பியிருக்கிறாள். இதைவிட என்ன வேண்டும்? நான் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் அதோடு நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஆன்ட்டி, அன்னைக்கு சார் போன் யார்கிட்ட இருந்துச்சு?"

எவ்வளவு தைரியம்! ஒரு வீட்டுக்கு வந்து கேட்கிற கேள்வியா இது? "உன் வேலைய நீ ஒழுங்காப் பாத்திருந்தா அடுத்தவங்க போனப் பத்திக் கேக்க வேண்டியிருக்காது" என்றேன். பால்கோவாவையும் கையில் திணித்து அனுப்பிவிட்டேன். லிஃப்ட் வரை போனவள் திரும்பி நின்று, "நாளைக்கு நான் குரியன் சார்கிட்ட உண்மையச் சொல்லிரலாம்னு இருக்கேன் ஆன்ட்டி. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்" என்றாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதனால்தான் காலையிலேயே கிளம்பி வந்துவிட்டேன். அவள் பாட்டுக்கு அழுது மூக்கைச் சிந்தி எதையாவது உளறுவதற்கு முன்னால் நான் பேசிவிட வேண்டும் அல்லவா? குரியனிடம் சொல்லப் போவது ஒன்றே ஒன்றுதான். ஐயா, அந்தக் கட்டைவிரல் என் கணவர் போட்டது இல்லை. அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும், அவளே என்னிடம் ஒப்புக்கொண்டாள். தெரிந்தே அனுப்பியவளை வைத்துக்கொண்டு, தெரியாதவரை அனுப்புகிறீர்களே, இது என்ன நியாயம்? எப்படி? நறுக்கென்று இருக்கிறதா?

என்ன? என்ன கேட்டீர்கள்?

"உங்க வீட்டுக்காரர் இல்லன்னா, அப்போ யாருன்னு கேப்பாரே"யா?

...

கேட்பார்தான்.

ஏன், கேட்காமலும் இருக்கலாம். பெரிய அதிகாரிக்கு இந்தச் சின்ன விஷயமெல்லாம்... இல்லை. கேட்பார். அவர்கள் கேள்வி கேட்பதில் கெட்டிக்காரர்கள், நானே சொன்னேன். போன் யாரிடம் இருந்தது என்பார். கோயிலில் யாரிடம் இருக்கும்? தாய்மாமன் கை இரண்டும் குழந்தை மேல் இருக்கிறது. சரி, மனைவியிடம் என்பார். மனைவியை எழுதிக் கொடுக்கச் சொல்வார். இல்லையென்றால் போனை அலட்சியமாக வைத்திருந்தார் என்று அதற்கும் சேர்த்து இவர் தலையில் வைப்பார்.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? வசந்தி மாமியார் பார்த்த மாதிரியே இருக்கிறது. நான் வேண்டுமென்றா செய்தேன்? வண்டு மாதிரி உறுமினால் யார்தான் என்ன செய்வார்கள்?

அவருக்குத் தெரியும். செய்யாறு தாண்டினதிலிருந்தே தெரியும். மூன்று வாரமாக ஒரே வீட்டில், ஒரே மேஜையில், கூட்டு நன்றாக இருக்கிறது என்கிறார் அந்த மனுஷன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் கேட்டிருந்தால் நான் அன்றைக்கே...

அன்றைக்கே என்ன செய்திருப்பேன்? சண்டை போட்டிருப்பேன்.

ஆமாம்மா, நான்தான் மிஸஸ் தட்சிணாமூர்த்தி. குரியன் சார் கூப்பிடுகிறாரா? ஐந்தாவது மாடியா? வருகிறேன், ஒரு நிமிஷம்.

அக்கா, நீங்களும் கூட வருகிறீர்களா? நீங்கள் பேச வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படித் துணை தேடியதில்லை. ஓ, உங்கள் பெண் வெளியே வந்தால் தேடுவாள். சரி சரி, நீங்கள் இருங்கள். நானே போகிறேன்.

சொல்லிவிடுகிறேன். நான்தான் போட்டேன் என்றே சொல்லிவிடுகிறேன், போதுமா? எழுதிக் கேட்டால் எழுதியும் கொடுக்கிறேன், கமா முதற்கொண்டு சரியாகப் போட்டு. அவரும் வேண்டாம், அந்தப் பெண்ணும் வேண்டாம், நான்தான்.

ஆனால் ஒன்று. அவ்வளவு முக்கியமான போனை மனைவி கேட்டாள் என்று யாராவது கையில் கொடுப்பார்களா? அதையும் குரியனிடம் ஒரு வரி சொல்லத்தான் போகிறேன். ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் நன்றாக இருக்காது.